ராஞ்ச், குடும்பம், ரோடியோ: ஒரே ஆள் மூன்றையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் சிறு ஊர் ஒன்றில் இறந்துபோன ராஞ்சர் (ராஞ்ச் என்ற பெரிய மாட்டுப்பண்ணை நடத்துபவர்) ஒருவரின் இரங்கல் குறிப்பைப் படித்திருக்கிறார். "குடும்பத்துக்காகவும் ரோடியோவுக்காகவும் வாழ்ந்தவர்" என்று அதில் ஒரு வரி. (ரோடியோ என்பது துள்ளும் குதிரை, காளை மேல் சவாரி, கயிறு வீசி மாடு பிடிப்பது போன்ற கௌபாய் போட்டிகள்.) அதைப் படித்ததும் அவருக்கு வந்த சந்தேகங்கள் இவை: நூற்றுக்கணக்கில் மாடு வைத்திருப்பவருக்கு விளையாட்டுக்கு நேரம் ஏது, அதில் பணம் வருமா, அவர் ஊர் ஊராகப் போனபோது மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது யார், இதுவும் நம் ஜல்லிக்கட்டு மாதிரிதானா. கேள்வி நான்காக இருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த வரியை நம்பலாமா, இல்லை, செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை என்று எழுதியதா? நம்பலாம். ஆனால் அப்படிப்பட்ட வரிகளில் பெரும்பாலும் இரண்டு பேருடைய உழைப்பு ஒருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கும். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்றால், நான் மாட்டு டாக்டர். சென்னையில் படித்து, இங்கே அமெரிக்காவில் உள்ள தகுதித் தேர்வுகளை எழுதி முடித்து, யூட்டாவின் வடக்கும் ஐடஹோவின் தெற்கும் சேரும் பகுதியில் பல வருடங்களாக மாடும் குதிரையும் பார்க்கிறேன். கோடையில் சில ரோடியோக்களில் பணி மருத்துவராகவும் நிற்பதுண்டு. அதனால் ராஞ்ச் வீட்டுச் சமையலறை, மாட்டுப்பட்டி, ரோடியோ கூண்டுகளின் பின்பக்கம், இந்த மூன்று இடங்களைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். துள்ளும் குதிரை மேல் ஒரு நொடிகூட உட்கார்ந்ததில்லை. அதன் ருசியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கேள்வி ஞானம். டெக்சஸ் பக்கம் நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது, அங்கே கணக்கே வேறு. நான் சொல்வதை மலைப்பக்க மேற்கு மாநிலங்களுக்கு மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தொலைக்காட்சியில் வரும் ரோடியோ வீரரும் அந்த இரங்கல் குறிப்பில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரே ரகம் இல்லை. தொழில்முறை ரோடியோ தனி உலகம். 1936-ல் பாஸ்டன் கார்டன் அரங்கில், பரிசுத் தொகை போதாது, நாங்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தையும் பரிசோடு சேர்க்க வேண்டும் என்று கௌபாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கௌபாய்ஸ் டர்ட்டில் அசோசியேஷன், அதாவது ஆமைச் சங்கம். (நிதானமாகத்தான் ஒன்று சேர்ந்தோம் என்ற சுயகிண்டல்.) அதுவே 1945-ல் பெயர் மாறி, 1975 முதல் பி.ஆர்.சி.ஏ. (தொழில்முறை ரோடியோ கௌபாய்கள் சங்கம்) என்று இன்றைக்கும் இருக்கிறது. தேசிய இறுதிப் போட்டி 1959-ல் டல்லஸில் தொடங்கியது. 1985 முதல் லாஸ் வேகஸில் நடக்கிறது. கொரோனா வந்த 2020-ல் மட்டும் டெக்சஸின் ஆர்லிங்டனுக்குப் போனது. ஒவ்வொரு பிரிவிலும் அந்த வருடம் அதிகப் பரிசுப் பணம் வென்ற 15 பேருக்கு மட்டும் அனுமதி. டிசம்பரில் 10 நாள், 10 சுற்று. ஒரு சுற்றில் முதலிடம் பிடித்தால் இப்போதெல்லாம் 30,000 டாலருக்கு மேல் கிடைக்கிறது. அந்த 15-க்குள் வர வேண்டுமென்றால் வருடத்தில் பெரும்பகுதி சாலையில்தான் வாழ வேண்டும். அப்படி வாழ்கிறவர்களில் பலர் கல்லூரி ரோடியோ அணிகளில் உதவித்தொகையோடு பயிற்சி பெற்று வந்தவர்கள். கல்லூரி ரோடியோவுக்கென்றே 1949 முதல் ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது. இவர்களில் பலருக்குச் சொந்தமாக மாட்டுமந்தை கிடையாது.

இரங்கல் குறிப்பில் இருப்பவர் வேறு ரகம். வெள்ளி, சனி மாலைகளில், ராத்திரியே வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர்களின் ரோடியோவில் கலந்துகொள்பவர். அவரை லாஸ் வேகஸில் யாருக்கும் தெரியாது. சுற்றியுள்ள நான்கு கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) தெரியாதவர் இருக்க மாட்டார்.

இவருடைய வாழ்க்கையில் ரோடியோ எங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது என்று புரிய, போட்டிகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். மலையில், வேலியும் கூண்டும் இல்லாத இடத்தில், ஒரு பெரிய மாட்டுக்குக் கண்நோய் வந்துவிட்டது என்று வையுங்கள். குதிரையில் வரும் ஒருவர் தலையில் சுருக்குக்கயிறு வீசுவார். இன்னொருவர் பின்னங்கால்கள் இரண்டையும் சுருக்கில் பிடிப்பார். இரண்டு குதிரைகளும் எதிரெதிராக இழுத்து நிற்க, கீழே இறங்கிய மூன்றாவது ஆள் ஊசி போடுவார். அந்த மூன்றாவது ஆளாக நான் நின்றிருக்கிறேன். கயிறு பிடிப்பவர்களின் திறமையைப் பற்றி அங்கே நின்றால் வரும் மரியாதை எந்த அரங்கிலும் வராது. இதே வேலைக்குக் கடிகாரம் வைத்தால் அதுதான் டீம் ரோப்பிங். தனி ஆளாகக் கன்றைப் பிடித்து, குதிரையிலிருந்து குதித்து ஓடி, மூன்று கால்களைக் கட்டுவது டை-டவுன் ரோப்பிங். கட்டு 6 நொடி அவிழாமல் நிற்க வேண்டும். பழகாத குதிரையைப் பழக்கும் வேலையிலிருந்து வந்தது சேடில் ப்ராங்க் சவாரி. துள்ளும் குதிரை மேல் 8 நொடி விழாமல் இருக்க வேண்டும், ஒரே கை, அந்தக் கையில் ஒரு தடித்த பின்னல் கயிறு. குதிரைக்குப் பாதி, ஆளுக்குப் பாதி என்று மொத்தம் 100 மதிப்பெண். கூண்டைவிட்டு வரும் முதல் துள்ளலில் குதிரையின் முன்னங்கால் தரையைத் தொடும்போது சவாரிக்காரரின் பாதங்கள் அதன் தோளுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண்ணே கிடையாது. சாதுவான குதிரை சீட்டுக் குலுக்கலில் வந்துவிட்டால் முகம் தொங்கிப்போகும், ஏனென்றால் பாதி மதிப்பெண் அங்கேயே போய்விட்டது.

காளைச் சவாரிக்கு மட்டும் ராஞ்சில் ஒரு வேலையும் இல்லை. பொலிகாளை மேல் ஏறி எந்த ராஞ்சரும் எதையும் சாதித்ததில்லை. அது முழுக்க முழுக்க வேடிக்கைக்காக வந்தது. ஓடும் மாட்டின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் ஸ்டீர் ரெஸ்லிங்கும் ஏறத்தாழ அப்படித்தான். டெக்சஸில் 1870-ல் பிறந்த பில் பிக்கெட் என்ற கறுப்பினக் கௌபாய், மாட்டின் உதட்டைத் தன் பல்லால் கடித்துச் சாய்த்துக் காட்டிப் புகழ்பெற்றார். அவர் காட்டிய வித்தைதான் பிறகு, பல்லால் கடிக்காமல், போட்டியாக மாறியது. கயிறு வீச்சும் சேணத்தின் அமைப்பும் மெக்சிக்கோவின் வக்கேரோக்கள் என்ற குதிரையேறி மாடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்தவை. அவர்களுடைய சர்ரேரியா என்ற மரபு விளையாட்டு 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரோடியோவை வெள்ளைக்காரர்களின் சொத்தாக மட்டும் காட்டும் சுவரொட்டிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அதனால் இதைச் சொல்லி வைத்தேன்.

சரி, நேரம் ஏது என்ற கேள்விக்கு வருவோம். மிகச் சரியான கேள்வி. நேரம் இல்லைதான். குளிர்காலம் முழுக்க ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர்புல் போட வேண்டும். 300 பசு என்றால் தினம் 3 டன்னுக்கு மேல். தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருக்கும் பனியை உடைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் இதே வேலைதான். பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கன்று போடும்படி திட்டமிட்டிருப்பார்கள். முதல் முறை ஈனும் கிடேரிகளை ராத்திரியில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். கன்று திரும்பிக் கிடந்தால் அப்போதுதான் எனக்கு போன் வரும். மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டு, தடுப்பூசி போட்டு, காயடிப்பது. ஜூனில் மந்தையை மலைக்கு ஓட்டுவது. கோடையில் நீர்ப்பாய்ச்சல், வேலி, புல் அறுப்பு. அக்டோபரில் மலையிலிருந்து இறக்கி, கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, சினை பார்த்து, விற்பது. சினை பிடிக்காத பசுவையும் அப்போதே விற்றுவிடுவார்கள். ஒரு குளிர்காலத் தீவனத்தைத் தின்றுவிட்டுக் கன்று தராத பசுவை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. அந்தப் பசு எது என்று கையை விட்டுப் பார்த்துச் சொல்கிற ஆள் நான்தான், அதனால் அந்த நாளில் என்னை யாரும் பெரிதாகச் சிரித்து வரவேற்பதில்லை.

இந்த வருடத்தின் மேல் ரோடியோவின் வருடத்தை வைத்துப் பாருங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 4 தாண்டும் வரை நாடெங்கும் அடுத்தடுத்து ரோடியோக்கள். அந்த வாரங்களுக்குக் கௌபாய் கிறிஸ்துமஸ் என்றே பெயர். யூட்டாவில் கூடுதலாக ஜூலை 24 இருக்கிறது. 1847-ல் மார்மன்கள் என்ற மதப்பிரிவினர் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாள் அது, மாநில விடுமுறை. அதையொட்டியும் ஊருக்கு ஊர் ரோடியோ. குதிரை மசால் என்ற தீவனப் பயிரை அறுத்து, காயவைத்து, கட்டுகளாகக் கட்ட வேண்டியதும் இதே வாரங்களில்தான். அறுத்துக் கிடக்கும் மசால் மேல் ஒரு மழை பெய்தால் போதும், குளிர்காலத் தீவனத்தின் தரம் போச்சு. பின் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? ரோடியோ மாலையில். மசாலைக் கட்டுவது பின்னிரவில் அல்லது விடியலில், ஏனென்றால் பகல் வெயிலில் காய்ந்த இலை உதிர்ந்து காம்புதான் மிஞ்சும்; பனி ஈரம் கொஞ்சம் இறங்கிய பிறகு கட்டினால் இலை ஒட்டி நிற்கும். ஆக ராத்திரி பதினொன்றுக்கு அரங்கைவிட்டுக் கிளம்பி, வீட்டுக்கு வந்து, குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நேரே டிராக்டரில் ஏறுகிறவர்கள் உண்டு. தூக்கத்தில் கை வைத்துத்தான் இந்த விளையாட்டுக்கு நேரம் கிடைக்கிறது.

ஆனால் அது பாதி பதில்தான். மீதி பாதி வீட்டில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ராஞ்ச் வீடுகளில் மாதச் சம்பளம் கொண்டுவருவது பெரும்பாலும் மனைவி. பள்ளி ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர், கவுண்டி அலுவலக எழுத்தர் என்று ஊருக்குள் ஒரு வேலை. சம்பளத்தைவிட அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு முக்கியம். இந்த நாட்டில் காப்பீடு இல்லாமல் ஒரு கால் முறிந்தால் பத்து இருபது பசுக்களை விற்க வேண்டிவரும். ஆக, அவர் வார இறுதியில் துள்ளும் குதிரை மேல் ஏற முடிகிறதென்றால், திங்கள் முதல் வெள்ளி வரை அந்த அம்மா வகுப்பறையில் நிற்பதுதான் காரணம். அவர் பக்கத்து மாநிலத்துக்கு ஓட்டிப் போன ராத்திரிகளில் டார்ச் எடுத்துக்கொண்டு கிடேரிகளைப் பார்க்கப் போவதும் அந்த அம்மாதான். ராத்திரியில் எனக்கு வரும் அழைப்புகளில் பெண் குரல்தான் அதிகம். "முன்னங்கால் ஒன்றுதான் தெரிகிறது, தலை வரவில்லை" என்று பதற்றமில்லாமல் சொல்வார்கள். நான் போய்ச் சேருவதற்குள் சங்கிலி, வெந்நீர், சோப்பு எல்லாம் தயாராக இருக்கும். அரங்கின் ஒலிபெருக்கியில் பெயர் வருவது கணவருக்கு.

பெண்கள் இந்த விளையாட்டில் எப்போதும் ஓரமாக நின்றவர்கள் இல்லை, ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்களைப் போலவே துள்ளும் குதிரை ஏறிய பெண்கள் பலர் இருந்தார்கள். 1929-ல் ஓரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் ரோடியோவில் பானி மெக்கரோல் துள்ளும் குதிரைச் சவாரியில் அடிபட்டு, சில நாட்களில் இறந்தார். அதற்குப் பிறகு பெண்களுக்கான அந்தப் போட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆண்கள் விழுந்து இறந்தபோது யாரும் ஆண்கள் போட்டியை நிறுத்தவில்லை. 1948-ல் டெக்சஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பாரல் ரேஸிங் இன்றைக்கு அரங்கு நிறைக்கும் போட்டியாக இருப்பதற்கு அதுதான் அடித்தளம்: மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் பறந்து வர வேண்டும், பீப்பாய் ஒன்று விழுந்தால் 5 நொடி தண்டம். என் பகுதியில் இப்போது ரோடியோவில் உருப்படியாகப் பணம் பார்ப்பது அப்பாக்களைவிட மகள்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இது நான் பார்த்த சில குடும்பங்களை வைத்துச் சொல்வது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடும்பமும் ரோடியோவும் வேலையும் ஒன்றாகக் கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் சூடு போடும் நாளுக்குப் போக வேண்டும். ஒரு குடும்பத்தின் கன்றுகளுக்கு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்து வேலை செய்யும். அடுத்த சனிக்கிழமை இவர்கள் அங்கே போவார்கள். கூலி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. வயதானவர்கள் குதிரை மேலிருந்து கன்றின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு இழுத்து வருவார்கள். பிள்ளைகள் கன்றைப் படுக்கவைத்துப் பிடிப்பார்கள். கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியை அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும் என்பதால் எனக்கும் அங்கே ஒரு இடம். சுருக்கு போட எட்டு வயதுப் பையனுக்கு முதல் முறை வாய்ப்புக் கொடுக்கும்போது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவன் பத்து தடவை தவறவிட்டாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அதே பையன் அதற்கு முன்பே, ஐந்து வயதில், கவுண்டி ரோடியோவில் ஓடும் செம்மறியாட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு சவாரி போயிருப்பான். அதற்கும் ஒரு போட்டி இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ரோடியோவில் இவருக்குப் பணம் வராது. சம்பளம் இல்லை, பயணப்படி இல்லை. நுழைவுக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சின்ன ஊர்களில் ஜெயித்தால் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு டாலர். டீசலுக்கும் கட்டணத்துக்கும் சரியாகப் போகும். கயிறு வீசும் போட்டிகளுக்கு நல்ல குதிரை வேண்டும், அதன் விலை பல்லாயிரம் டாலர். ராஞ்சிலாவது வருகிறதா என்றால், வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய காசோலை, இலையுதிர் காலத்தில் கன்றுகளை விற்கும்போது. அந்த விலையை நிர்ணயிப்பதில் அவருக்குப் பங்கில்லை; நாட்டில் கொழுக்கவைத்து வெட்டும் மாடுகளில் சுமார் 85 சதவீதம் நான்கு நிறுவனங்களின் கைக்குத்தான் போகிறது. 2025 ஜனவரிக் கணக்கில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை அதுதான் குறைவு. அதனால் இப்போது கன்று விலை நன்றாக இருக்கிறது. ஆனால் மந்தை சுருங்கியதற்கு முக்கியக் காரணமே வறட்சியில் பசுக்களை விற்றதுதான் என்பதால், விலை ஏறியபோது விற்பதற்குப் பலரிடம் கன்று குறைவு.

மலைமேய்ச்சல் நிலம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. 1934-ல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டத்திலிருந்து இதற்கு உரிமம், கட்டணம், எண்ணிக்கை எல்லாம் உண்டு. கன்றோடு ஒரு பசு ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர்தான் வாங்கினார்கள். தனியார் நிலத்தோடு ஒப்பிட்டால் இது கொசுறு. சூழலியலாளர்கள் இதை மானியம் என்கிறார்கள், ராஞ்சர்கள் வேலியும் தண்ணீரும் எங்கள் செலவு என்கிறார்கள். என் அபிப்பிராயம், இரண்டு பக்கமும் பாதி உண்மை. கட்டணம் மலிவு, சந்தேகமே இல்லை. ஆனால் ராஞ்சை விலைக்கு வாங்கும்போதே அந்த உரிமத்தின் மதிப்பையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள், அதனால் இன்றைக்கு வாங்குபவருக்கு அந்த மலிவு போய்ச் சேருவதில்லை.

இரண்டு உலகத்தையும் உச்சத்தில் சேர்த்துக்காட்டிய ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டுமென்றால் தெற்கு யூட்டாவின் ரைட் குடும்பத்தைச் சொல்லலாம். மில்ஃபோர்டு என்ற சின்ன ஊர். பில், எவலின் தம்பதிக்கு 13 பிள்ளைகள். குடும்பத்தின் பழைய மேய்ச்சல் நிலம் ஸயான் தேசியப் பூங்காவை ஒட்டிய ஸ்மித் மீசாவில். மூத்த மகன் கோடி 2008, 2010 இரண்டு ஆண்டுகளிலும் சேடில் ப்ராங்க் உலகச் சாம்பியன். தம்பிகள் ஜெஸ்ஸி 2012-லும் ஸ்பென்சர் 2014-லும் அதே பட்டத்தை வென்றார்கள். அப்புறம் கோடியின் மகன்கள் வந்தார்கள்: ரைடர் 2017-லும் 2020-லும், ஸ்டெட்ஸன் 2021-லும். ஸ்டெட்ஸன் அதோடு நிற்காமல் 2019 முதல் 2023 வரை தொடர்ந்து ஐந்து முறை, பல பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் ஆல்-அரௌண்ட் பட்டமும் வாங்கினார். இதைப் பார்த்துவிட்டு ராஞ்சில் பிறந்தால் இப்படி ஆகலாம் என்று யாராவது நினைத்தால், இது விதிவிலக்கிலும் விதிவிலக்கு. எனக்கு அதில் சுவாரசியமாகப் படுவது இன்னொன்று. சுற்றுலாப் பயணிகள் குவியக் குவிய அந்தப் பக்கம் நிலத்தின் விலை ஏறுகிறது, மாடு மேய்ப்பது சிரமமாகிறது. உலகச் சாம்பியன்களைப் பெற்ற குடும்பத்துக்கும் மந்தையைக் காப்பாற்றுவதுதான் கடினமான பாகம்.

சாதாரண ராஞ்சரின் ரோடியோ வாழ்க்கை வயதோடு மாறிக்கொண்டே வரும். இருபதுகளில் ப்ராங்க் அல்லது காளை. நண்பர்கள் நான்கு பேர் ஒரே வேனில் ஏறி, மாறி மாறி ஓட்டி, பர்கர் தின்று திரிகிற காலம். கல்யாணம், குழந்தை, இரண்டாவது முறை முறிந்த தோள்பட்டை, இதில் ஏதாவது ஒன்று வந்ததும் கயிற்றுக்கு மாறிவிடுவார். டீம் ரோப்பிங்கில் ஆளின் திறமைக்கு எண் கொடுத்துச் சமமாக ஜோடி சேர்க்கும் முறை இருப்பதால் அறுபது தாண்டியும் ஆடலாம். அப்பா கொம்பில் போட, மகன் காலில் போடும் ஜோடிகளை எந்த ரோடியோவிலும் பார்க்கலாம். இதுவும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். வீசிய கயிற்றைச் சேணத்தின் முன்பக்கக் குமிழில் நொடியில் சுற்ற வேண்டும். விரல் இடையில் மாட்டினால் கட்டைவிரல் போய்விடும். கட்டைவிரல் இல்லாத கையோடு என்னிடம் கைகுலுக்கியவர்கள் சிலர் உண்டு. அதற்கும் பிறகு நடுவர், குதிரையில் வந்து சவாரிக்காரரை இறக்கிவிடும் பிக்-அப் ஆள், கமிட்டி உறுப்பினர், கடைசியில் பேரப்பிள்ளைகளின் குதிரை வண்டியை ஓட்டிப்போகும் தாத்தா. "ரோடியோவுக்காக வாழ்ந்தவர்" என்ற வரியில் இந்த வருடங்கள்தான் அதிகம் இருக்கும். எட்டு நொடிகள் அதில் சொற்பம்.

உயிராபத்து உண்மையானது. 1987-ன் காளைச் சவாரி உலகச் சாம்பியன் லேன் ஃப்ராஸ்ட், 1989 ஜூலை 30-ல் வயோமிங் மாநிலத்தின் ஷையான் ரோடியோவில் தன் சவாரியை முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தார். 25 வயது. அவருடைய நண்பர் கோடி லாம்பெர்ட் அதற்குப் பிறகு பாதுகாப்பு அங்கி ஒன்றை வடிவமைத்தார். இன்று காளைச் சவாரிக்காரர்கள் அணியும் அங்கி அந்த வழியில் வந்ததுதான். தலைக்கு அடிபடுவது பிற்காலத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. மனித மூளை என் துறை இல்லை, அதனால் அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

என் துறை மாடும் குதிரையும், அதனால் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஜல்லிக்கட்டு மாதிரியா என்றால், ஒரு முக்கியமான இடத்தில் வேறு. அங்கே காளை ஒரு வீட்டுப் பிள்ளை. ஊரே அதன் பெயர் சொல்லும், பிடிபடாவிட்டால் வீட்டுக்குப் பெருமை. இங்கே துள்ளும் குதிரையும் காளையும் மொத்தமாக வளர்த்து வாடகைக்குக் கொண்டுவரும் ஒப்பந்ததாரருடையவை. துள்ளும் குணத்துக்காகவே தலைமுறையாக இனம் சேர்க்கிறார்கள். ஒற்றுமை வழக்கு மன்றத்தில் இருக்கிறது: அங்கே 2014 தடை, 2017 திருத்தச் சட்டம், 2023 தீர்ப்பு என்றால், பிரிட்டனில் 1934-லேயே சட்டம் போட்டு ரோடியோவின் முக்கியப் போட்டிகளை நிறுத்திவிட்டார்கள்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். துள்ளவைக்கக் குதிரைக்கும் காளைக்கும் இடுப்பில் கட்டும் வார் விரையை இறுக்குகிறது என்று பரவும் கதை உடற்கூற்றியல்படியே தவறு. அது பின்னங்காலுக்கு முன்னால், வயிற்றைச் சுற்றி வருவது, மென்மையான உட்புறம் கொண்டது. துள்ளும் குதிரைகளில் பெட்டைகளும் காயடித்தவையும் நிறைய. ரொம்ப இறுக்கினால் குதிரை துள்ளாமல் முரண்டு பிடித்து நின்றுவிடும். அதே நேரம், "அதுக்கு இது பிடிக்கும் டாக்டர்" என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. வாரைக் கழற்றியதும் அமைதியாகி வாசலைப் பார்த்து நடந்துபோகும் கிழட்டுக் குதிரைகளையும் பார்த்திருக்கிறேன், கூண்டுக்குள் வியர்த்து நடுங்கும் இளம் குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். விரும்புகிறதா, பழகிவிட்டதா என்பதை வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு உண்மையிலேயே ஒப்பாதது கன்றைக் கயிற்றில் நிறுத்தும் டை-டவுன் போட்டி. முழு ஓட்டத்தில் இருக்கும் கன்றின் கழுத்தை ஒரு கயிறு சட்டென்று பிடித்து நிறுத்துகிறது. மேய்ச்சலில் நல்ல ராஞ்சர் யாரும் தன் சொந்தக் கன்றை அவ்வளவு வேகத்தில் பிடிக்க மாட்டார். அவருக்கு அதன் எடை குறையக் கூடாது. கடிகாரம் வந்த பிறகு வந்த கொடுமை அது. என் பகுதி நண்பர்கள் இதைப் படித்தால் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

குடும்பத்துக்காக என்ற பாதியில் நான் கண்ட ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். கடன் வாங்கிக் குதிரை வாங்கியவர்களும், வீட்டில் இருப்பதைவிட அரங்கில் அதிகம் இருந்து மண வாழ்க்கையைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இரங்கல் குறிப்பிலும் இதே வரி வரலாம். ரோடியோதான் அந்த வீட்டை உடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், நெருங்கிப் பார்த்தால் பெரும்பாலும் நிலம்தான் நடுவில் இருக்கும். நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் எவருக்கும் பிழைப்புக்குப் போதாது. ஒருவருக்கே கொடுத்தால் மற்ற மூவரும் பேச மாட்டார்கள். 2022 விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1. எழுபதிலும் சாவியைக் கையில் வைத்திருக்கும் அப்பாவோடு ஐம்பது வயது மகன் பேசும் ஒரே விஷயம் ரோடியோவாக இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர் அடுத்த கோடையில் இந்தப் பக்கம் வரலாம் என்று குறிப்பிட்டிருந்தார். வந்தால், இரவுக் காட்சிக்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். போட்டியாளர்கள் அதிகமாக இருந்தால் மீதிப் பேரை மறுநாள் காலையில், இசையும் அறிவிப்பாளரின் நகைச்சுவையும் இல்லாமல், வரிசையாக விட்டு முடிப்பார்கள். அதற்கு ஸ்லாக் என்று பெயர். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. இரங்கல் குறிப்பில் வரும் ஆட்களை அங்கேதான் பார்க்கலாம்: தன் முறை முடிந்ததும் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, புல் காய்ந்துவிட்டதா என்று மனைவிக்கு போன் போட்டுக் கேட்டபடி கிளம்புகிறவர்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும்.